512 எம்பி ரேமுக்கு ஒரு கெர்னல்: எந்த டிரைவர் உள்ளே, எது மாட்யூல், எது வேண்டவே வேண்டாம்

2007-இல் வந்த ஆசுஸ் ஈ பிசி 701 ஞாபகம் இருக்கிறதா? ஏழு அங்குலத் திரை, 4 ஜிபி எஸ்எஸ்டி, 512 எம்பி ரேம், 900 மெகாஹெர்ட்ஸ் என்று பெயர் இருந்தாலும் 630-இல் ஓடிய செலரான். அதில் ஒன்று என்னிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. டெபியன் 12 லினக்ஸ் போட்டு, இசை கேட்கவும் டெர்மினலில் எழுதவும் வைத்திருக்கிறேன். அதற்காக லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைச் சுருக்கிக் கட்டியபோது கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களிடம் இருப்பது வேறு பழைய லேப்டாப்பாக இருந்தாலும் வழி ஒன்றுதான், டிரைவர் (ஒவ்வொரு சாதனத்தையும் இயக்கும் கோட்) பெயர்கள் மட்டும் மாறும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மெஷினில் 2 ஜிபி ரேம் குச்சி பொருந்தும், பழைய டிடிஆர்2 குச்சி கிடைத்தால் அதை வாங்கிப் போடுவதுதான் புத்திசாலித்தனம். கெர்னலைச் சுருக்குவதில் கிடைப்பது சில எம்பி, நல்ல நாளாக இருந்தால் பத்து இருபது. இது தெரிந்தும் செய்ய ஆசை இருந்தால் மேலே படியுங்கள். இன்னொன்று, கட்டளைகளை எல்லாம் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

டிரைவரை மாட்யூலாக்கினால், அதாவது தேவைப்படும்போது லோடு ஆகும் தனிக் கோப்பாகக் கெர்னலுக்கு வெளியே வைத்தால், மெமரி மிச்சம் என்று பலரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. மாட்யூல் லோடு ஆகாமல் கிடந்தால் மிச்சம், லோடு ஆகிவிட்டால் மிச்சம் எதுவும் கிடையாது, உண்மையில் கொஞ்சம் கூடவே தின்னும். காரணம் எளிது: மாட்யூலின் கோட் ஒரு பக்கம், படிக்க மட்டுமான டேட்டா ஒரு பக்கம், எழுதக்கூடிய டேட்டா ஒரு பக்கம் என்று ஒவ்வொன்றையும் கெர்னல் தனித்தனி பேஜ்களில் வைக்கும், ஒரு பேஜ் என்பது 4096 பைட், அதில் நூறு பைட் மட்டும் தேவைப்பட்டாலும் முழுப் பேஜும் போய்விடும். லோடு ஆகியிருக்கும் மாட்யூல்களைப் பட்டியலிடும் எல்எஸ்மாட் கட்டளையைத் தட்டிப் பாருங்கள், இரண்டாவது நெடுவரிசையில் இருக்கும் அளவுகள் எல்லாமே 4096-இன் மடங்காகத்தான் இருக்கும், மிகச் சின்ன மாட்யூலுக்கும் 12288 அல்லது 16384 என்று காட்டும். அதே டிரைவர் கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்டிருந்தால் பக்கத்து டிரைவரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும், இந்த ஓட்டை இடம் வீணாகாது.

ஆகவே கணக்கு இப்படி. எப்போதும் தேவைப்படுவது கெர்னலுக்குள். எப்போதாவது தேவைப்படுவது மாட்யூல். ஒருபோதும் தேவைப்படாததை மாட்யூலாக விட்டால் டிஸ்கில் கிடக்கும், ரேமைத் தொடாது, அதை வெட்டுவது டிஸ்க் இடத்துக்காகவும் கம்பைல் நேரத்துக்காகவும்தான். 4 ஜிபி எஸ்எஸ்டியில் அதுவும் பெரிய விஷயம் என்பது வேறு.

ஏன் இவ்வளவு கறார் என்றால், லினக்ஸ் தன் சொந்த மெமரியை ஸ்வாப்புக்கு, அதாவது ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடத்துக்கு, தள்ளுவதே இல்லை. பிரவுசர் தின்கிற ரேம் நெருக்கடி வந்தால் டிஸ்குக்குப் போகும், கெர்னலும் மாட்யூலும் பிடித்த இடம் மெஷினை அணைக்கும்வரை, அல்லது மாட்யூலைக் கழற்றும்வரை, பிடித்தபடியே இருக்கும். 1990களில் கெர்னல்டி என்று ஒரு டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) இருந்தது, கொஞ்ச நேரம் யாரும் தொடாத மாட்யூலைத் தானே கழற்றிவிடும். 2.2 கெர்னலில் அதை எடுத்துவிட்டு கெர்னலுக்குள்ளேயே கேமாட் என்ற ஏற்பாட்டை வைத்தார்கள், அது லோடு மட்டும்தான் செய்யும், கழற்றாது. இன்றும் அப்படித்தான், ஒருமுறை வந்த மாட்யூல் நீங்களாகக் கழற்றினால் ஒழியப் போகாது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் இருப்பதை எழுதி வையுங்கள். எல்எஸ்பிசிஐ கட்டளையை மைனஸ் கே போட்டு ஓட்டினால் ஒவ்வொரு பிசிஐ சாதனத்துக்கும் எந்த டிரைவர் வேலை செய்கிறது என்று சொல்லும். என் 701-இல் டிஸ்குக்கு ஏடிஏ பிக்ஸ், திரைக்கு ஐ915, ஒலிக்கு எஸ்என்டி எச்டிஏ இன்டெல், வைஃபைக்கு ஏடிஎச்5கே, ஈதர்நெட்டுக்கு ஏடிஎல்2. யூஎஸ்பி பக்கம் வெப்கேமுக்கு யூவிசி வீடியோ, கார்டு ரீடருக்கு யூஎஸ்பி ஸ்டோரேஜ். ஹாட்கீகளுக்கு ஈபிசி லேப்டாப். மொத்த மெஷினுக்கும் இவ்வளவுதான், ஆனால் டெபியனின் பொதுக் கெர்னலோடு வரும் மாட்யூல் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும், யார் வீட்டு மெஷினிலும் ஓட வேண்டும் என்று கட்டியது அல்லவா.

இவை எப்படித் தானாக லோடு ஆகின்றன என்று தெரிந்தால்தான் நிறுத்தத் தெரியும். கெர்னல் ஒரு சாதனத்தைக் கண்டதும் அதன் தயாரிப்பாளர் எண், சாதன எண் எல்லாம் கோத்த ஒரு நீளமான சரத்தை வெளியே அறிவிக்கும். சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற பின்னணி புரோகிராம் அதைப் பிடித்து, லிப்கேமாட் என்ற நூலகத்தின் வழியாக (மாட்யூலைக் கையால் லோடு செய்யும் மாட்ப்ரோப் கட்டளை பயன்படுத்துவதும் இதைத்தான்) லிப் மாட்யூல்ஸ் கோப்புறைக்குள் இருக்கும் மாட்யூல்ஸ்.அலியாஸ் என்ற கோப்பில் அந்தச் சரத்துக்குப் பொருந்தும் பெயரைத் தேடி, அதற்கு வேண்டிய துணை மாட்யூல்களையும் சேர்த்து இழுத்து வரும். இந்தத் துணைகள்தான் ஆளைத் தின்பவை. யூவிசி வீடியோ ஒன்றுதான் என்று நினைப்போம், அதன் பின்னாலேயே வீடியோடெவ், வீடியோபஃப்2 குடும்பம் முழுக்க, எம்சி என்று ஒரு ஊர்வலமே வரும். வைஃபை என்றால் மேக்80211-உம் சிஎஃப்ஜி80211-உம் வரும், இன்றைய 64 பிட் கெர்னல்களில் அவை ஒவ்வொன்றுமே ஒரு எம்பி பக்கம் இருக்கும், வைஃபை சிப்பின் டிரைவர் அவற்றைவிடச் சிறியதாக இருப்பதுண்டு. அதோடு எல்எஸ்மாட் காட்டும் அளவு கோடும் நிலையான டேட்டாவும் மட்டும்தான், டிரைவர் ஓட ஆரம்பித்தபின் தனக்கென்று கேட்டு வாங்கும் பஃபர்கள் அதில் சேராது.

கெர்னல் எதையும் கம்பைல் செய்யாமலே பாதிப் பலனைப் பெற ஒரு வழி இருக்கிறது, முதலில் அதைச் செய்யுங்கள். எட்சி கோப்புறைக்குள் மாட்ப்ரோப்.டி என்ற கோப்புறை, அதில் கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்கி, வரிக்கு ஒன்றாக பிளாக்லிஸ்ட் என்று எழுதி இடம் விட்டு மாட்யூல் பெயரைப் போடுங்கள். நான் யூவிசி வீடியோ, ஜாய்டெவ், பிசிஎஸ்பிகேஆர், ஐடிசிஓ டபிள்யூடிடி இந்த நான்கைப் போட்டேன். பிறகு அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை மைனஸ் யூ போட்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் பூட் ஆகும்போது பழைய இனிட்ராம்எஃப்எஸ்ஸிலிருந்தே (நிஜ டிஸ்க் மவுண்ட் ஆகும்வரை ரேமில் இருக்கும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) அது வந்து நிற்கலாம்.

பிளாக்லிஸ்ட் என்பது தடை இல்லை என்பதை மனதில் வையுங்கள். சாதனத்தைப் பார்த்துத் தானாக வருவதை மட்டும்தான் அது நிறுத்தும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மாட்யூல் வரும். நமக்கு வேண்டியதும் அதுதான். வீடியோ காலுக்கு உட்காரும் முன் மாட்ப்ரோப் யூவிசி வீடியோ, முடிந்ததும் மாட்ப்ரோப் மைனஸ் ஆர் யூவிசி வீடியோ, அவ்வளவுதான். ஆர்எம்மாட் பயன்படுத்தினால் அந்த ஒன்றை மட்டும் கழற்றும், துணைகள் அநாதையாக ரேமில் கிடக்கும், மாட்ப்ரோப் மைனஸ் ஆர் வேறு யாருக்கும் பயன்படாத துணைகளையும் சேர்த்துக் கழற்றும். கழற்ற முடியாது, பயன்பாட்டில் இருக்கிறது என்று திட்டினால் எல்எஸ்மாட்டின் மூன்றாவது நெடுவரிசையைப் பாருங்கள், யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பெயரோடு இருக்கும். மாட்யூல் பெயர் எதுவும் இல்லாமல் எண் மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு புரோகிராம்தான் அந்தச் சாதனத்தைத் திறந்து வைத்திருக்கிறது.

இத்தோடு நிறுத்திக்கொண்டாலும் தப்பில்லை. ஆனால் நான் நிறுத்தவில்லை.

கெர்னல் கட்ட 701 லாயக்கில்லை, 4 ஜிபி டிஸ்கில் சோர்ஸைப் பிரித்துக் கட்ட இடமே போதாது, போதினாலும் நாள்கணக்கில் ஓடும். அதனால் வேறொரு 64 பிட் மெஷினில் டீபூட்ஸ்ட்ராப் கொண்டு 32 பிட் டெபியனுக்கு ஒரு சிஎச்ரூட் (மெஷினின் சிஸ்டத்துக்குள்ளேயே தனிக் கோப்புறையில் இருக்கும் இன்னொரு சிஸ்டம்) அமைத்து, லினக்ஸ்32 கட்டளை வழியாக அதற்குள் நுழைந்தேன். இந்த லினக்ஸ்32 இல்லாமல் நுழைந்தால் கட்டுகிற ஸ்கிரிப்ட் மெஷினை 64 பிட் என்றே நினைத்துக்கொள்ளும். உள்ளே பில்ட் எசென்ஷியல், பைசன், ஃப்ளெக்ஸ், பிசி, லிப்என்கர்சஸ், லிப்எஸ்எஸ்எல், லிப்எல்ஃப் இவற்றின் டெவ் பேக்கேஜ்கள், கூடவே லினக்ஸ் சோர்ஸ் பேக்கேஜ், டெபியன் 12-இல் அது 6.1 வரிசை.

701-இலிருந்து இரண்டு கோப்புகளை எடுத்து வர வேண்டும். ஒன்று பூட் கோப்புறையில் கான்ஃபிக் என்று தொடங்கும் கோப்பு, கெர்னலின் விருப்பங்கள் எல்லாம் அதில்தான் இருக்கும், அதை சோர்ஸ் கோப்புறைக்குள் புள்ளி கான்ஃபிக் என்ற பெயரில் வையுங்கள். இரண்டாவது எல்எஸ்மாட்டின் வெளியீட்டைச் சேமித்த கோப்பு. இந்த இரண்டாவதில்தான் நான் சறுக்கினேன். எல்எஸ்மாட் அந்த நொடியில் லோடு ஆகியிருப்பதை மட்டும்தான் காட்டும், பென்டிரைவ் செருகாத நேரத்தில் எடுத்தால் யூஎஸ்பி ஸ்டோரேஜும் ஃபேட் கோப்பு முறையும் பட்டியலில் இருக்காது, அப்புறம் கட்டி முடித்துப் பெருமையாக பூட் செய்து பென்டிரைவைச் செருகினால் ஒன்றும் நடக்காது. எனக்கு அதுதான் நடந்தது. அதனால் எடுக்கும் முன் வைஃபையில் இணையுங்கள், ஒலி ஓட விடுங்கள், பென்டிரைவ், எஸ்டி கார்டு இரண்டையும் மவுண்ட் செய்யுங்கள், பிளாக்லிஸ்ட் செய்ததையும் ஒருமுறை மாட்ப்ரோப் செய்துகொள்ளுங்கள், விபிஎன் வைத்திருந்தால் அதையும் ஓட்டுங்கள், பிறகு எடுங்கள்.

இப்போது மேக் லோக்கல்மாட்கான்ஃபிக். 2.6.32 முதல் கெர்னல் சோர்ஸிலேயே இருக்கும் இலக்கு இது, எழுதியவர் ஸ்டீவன் ரோஸ்டெட். எல்எஸ்மாட் என்ற மாறியில், பெயரைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும், 701-இலிருந்து கொண்டுவந்த கோப்பின் பாதையைக் கொடுத்து ஓட்டினால், புள்ளி கான்ஃபிக்கில் எம் (மாட்யூல்) என்று இருப்பவற்றில் பட்டியலில் இல்லாதவற்றை எல்லாம் என் (வேண்டாம்) ஆக்கிவிடும். நடுவில் புது விருப்பங்களைப் பற்றிக் கேள்வி கேட்டால் என்டர் தட்டிக்கொண்டே போங்கள். கவனியுங்கள், ஏற்கெனவே ஒய் என்று கெர்னலுக்குள் இருப்பதை இது தொடவே தொடாது. அதாவது லோக்கல்மாட்கான்ஃபிக் முடிந்ததும் கிடைப்பது சீக்கிரம் கம்பைல் ஆகும், டிஸ்கில் சின்னதாக உட்காரும் ஒரு கெர்னல், அவ்வளவுதான், ரேமில் இதுவரை ஒரு பைட்டும் மிச்சமாகவில்லை. பலர் இங்கேயே வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

ரேமுக்கான வேலை மேக் மெனுகான்ஃபிக்கில். கோண அடைப்புக்குள் நட்சத்திரம் என்றால் கெர்னலுக்குள், எம் என்றால் மாட்யூல், வெறுமை என்றால் இல்லை. சதுர அடைப்பு என்றால் மாட்யூலாக்க வழியே கிடையாது, இருக்கும் அல்லது இருக்காது. ஸ்பேஸ் பாரில் சுற்றலாம், ஒய், எம், என் விசைகளையும் நேராகத் தட்டலாம், ஸ்லாஷ் தட்டினால் தேடல் வரும், தேடல் முடிவிலேயே ஒரு விருப்பம் எதை நம்பி இருக்கிறது என்றும் காட்டும். நட்சத்திரம் விழ மறுத்தால் காரணம் அங்கேதான் இருக்கும், நம்பியிருப்பது எம் என்றால் இது ஒய் ஆக முடியாது, அடியிலிருந்து மேலே ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

எனக்கு உள்ளே போனவை: ஏடிஏ பிக்ஸ், ஸ்கஸி டிஸ்க் ஆதரவு, எக்ஸ்ட்4, கீபோர்டு, ஐ915, யூஎஸ்பியின் ஈஎச்சிஐ மற்றும் யூஎச்சிஐ. முதல் மூன்றில் ஒன்று விட்டுப்போய், இனிட்ராம்எஃப்எஸ்ஸும் இல்லாமல் பூட் செய்தால் ரூட் கோப்பு முறையை மவுண்ட் செய்ய முடியவில்லை என்று கெர்னல் பேனிக் ஆகி நிற்கும், டிஸ்கைப் படிக்க வேண்டிய டிரைவரே டிஸ்கில் மாட்யூலாகக் கிடந்தால் அதை யார் எடுத்துக் கொடுப்பது. இனிட்ராம்எஃப்எஸ் இந்தச் சிக்கலுக்குத்தான் இருக்கிறது. அது ரேமைத் தின்கிறதே என்று சிலர் ஒழிக்கப் பார்ப்பார்கள், ஆனால் நிஜ ரூட்டுக்கு மாறும்போது அதன் உள்ளடக்கம் அழிக்கப்பட்டு இடம் திரும்பிவிடும், பூட் ஆகும் அந்தச் சில நொடிகளில்தான் பாரம். அதையும் குறைக்க வேண்டுமென்றால் இனிட்ராம்எஃப்எஸ் டூல்ஸின் கான்ஃப் கோப்பில் மாட்யூல்ஸ் என்ற வரியில் மோஸ்ட் என்று இருப்பதை டெப் என்று மாற்றுங்கள். ஒழித்தே தீருவேன் என்றால் பூட் மெனுவைக் காட்டும் கிரப்பில் ரூட்டை யூயூஐடி (அடையாள எண்) கொண்டு குறிப்பிட்டிருப்பதையும் மாற்ற வேண்டியிருக்கும், கோப்பு முறையின் யூயூஐடியைக் கெர்னல் தனியாகப் படிக்காது, பார்ட்யூயூஐடி அல்லது சாதனப் பெயர் கொடுக்க வேண்டும்.

வைஃபையை மட்டும் மாட்யூலாகவே விடுங்கள். நாள் முழுக்க ஓடுவதுதானே, உங்கள் கணக்குப்படி உள்ளேதானே போக வேண்டும் என்று கேட்கலாம். நியாயம்தான், ஆனால் பல வைஃபை சிப்புகளுக்கு ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும், டிரைவர் கெர்னலுக்குள் இருந்தால் ரூட் மவுண்ட் ஆகும் முன்னரே அதைத் தேடித் தோற்றுப்போகும். ஏடிஎச்5கேவுக்கு ஃபர்ம்வேர் தேவையில்லை, இருந்தாலும் எந்த நாட்டில் எந்த அலைவரிசை அனுமதி என்று சொல்லும் கோப்பை சிஎஃப்ஜி80211 படித்தாக வேண்டும், அதற்கும் இதே கதிதான். சில பேஜ்களுக்காக இந்தத் தலைவலி வேண்டாம். ஒலி, ஈதர்நெட், வெப்கேம், கார்டு ரீடர், ஃபேட் எல்லாம் எம்.

கெர்னலுக்குள் கட்டுவதில் இன்னொரு லாபம் உண்டு. டிரைவரின் தொடக்கக் கோட் பூட் முடிந்ததும் தூக்கி எறியப்படும், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜியில் பயன்படாத கெர்னல் மெமரி இத்தனை கே விடுவிக்கப்பட்டது என்று ஒரு வரி வருமே, அது இதுதான். மாட்யூலுக்கும் தொடக்கக் கோட் போய்விடும், ஆனால் கழற்றும்போது ஓட வேண்டிய கோட் மாட்யூலோடு இருந்தே ஆக வேண்டும், உள்ளே கட்டியதற்கு அது தேவையே இல்லை.

டிரைவர் அல்லாத சதுர அடைப்புகளையும் ஒரு சுற்று பாருங்கள். டிரேசிங், கேஆல்சிம்ஸ் ஆல், பயன்படுத்தாத பாதுகாப்பு மாட்யூல்கள், இவற்றில் எது வேண்டாம் என்பது நீங்களே முடிவு செய்ய வேண்டியது, நான் டிரேசிங்கை மட்டும் எடுத்தேன். டீபக் இன்ஃபோவை கட்டாயம் எடுத்துவிடுங்கள், ரேமுக்காக இல்லை, அது இருந்தால் கட்டும் கோப்புறை பல ஜிபிக்கு வீங்கும். மாட்யூல்களை எக்ஸ்இசட்டில் சுருக்கும் விருப்பமும் டிஸ்குக்கு மட்டும்தான், லோடு ஆகும்போது விரிந்துவிடும். லோக்கல் வெர்ஷன் என்ற இடத்தில் உங்களுக்கென்று ஒரு பெயரைப் போடுங்கள், பழைய கெர்னலின் மாட்யூல் கோப்புறையை மேலெழுதாமல் இருக்க.

மேக் மைனஸ் ஜே, பிறகு எத்தனை கோரோ அத்தனை எண், பிறகு பின்டெப் பிகேஜி. டெபியன் கான்ஃபிக்கை அப்படியே எடுத்ததால் சான்றிதழ் கோப்பு இல்லை என்று ஒரு இடத்தில் நிற்கும் வாய்ப்பு உண்டு, சிஸ்டம் டிரஸ்டட் கீஸ் என்ற விருப்பத்தில் இருக்கும் பாதையை அழித்து வெறுமையாக்கினால் போகும். முடிந்ததும் மேல் கோப்புறையில் டெப் கோப்புகள் இருக்கும், லினக்ஸ் இமேஜ் என்று தொடங்குவதை 701-க்குக் கொண்டுபோய் டிபிகேஜி மைனஸ் ஐ. பழைய கெர்னலை அழிக்காதீர்கள், கிரப் பட்டியலில் இரண்டும் இருக்கட்டும். புது மெஷினில் செக்யூர் பூட் போட்டுக்கொண்டு இதை முயல்கிறவர்கள் கெர்னலுக்கு நீங்களே கையெழுத்திட வேண்டும், 701-க்கு அந்தக் கவலையே இல்லை, அது யூஈஎஃப்ஐக்கு முந்தைய தலைமுறை.

அளக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஃப்ரீ கட்டளையின் யூஸ்டு எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கெர்னலுக்குள் கட்டியது பிடித்த இடம் டோட்டல் எண்ணிலேயே கழிக்கப்பட்டுத்தான் வரும், மாட்யூல் பிடித்த இடம் டோட்டலில் சேர்ந்து யூஸ்டு பக்கம் ஏறும். டிரைவர்களை உள்ளே இழுத்துவிட்டு யூஸ்டு குறைந்துவிட்டது என்று துள்ளினால், டோட்டலும் கூடவே குறைந்திருக்கும். பூட் ஆனதும் டிமெஸ்ஜியில் மெமரி என்று தொடங்கும் வரியைப் பாருங்கள், கெர்னல் கோட் இவ்வளவு, டேட்டா இவ்வளவு, ரிசர்வ்டு இவ்வளவு என்று பிரித்துச் சொல்லும். எல்எஸ்மாட்டின் இரண்டாவது நெடுவரிசையைக் கூட்டி அதோடு சேர்த்து, இரண்டு கெர்னல்களுக்கும் ஒப்பிடுங்கள். இல்லையென்றால் ஒரே மாதிரி பூட் செய்து, ஒரே புரோகிராம்களை ஓட்டி, அவைலபிள் எண்ணைப் பாருங்கள், கடைசியில் உங்கள் பிரவுசருக்கு மிஞ்சுவது அதுதான்.

பராமரிப்புதான் இதில் அலுப்பு. டெபியனின் பாதுகாப்பு அப்டேட் வரும்போது பொதுக் கெர்னல்தான் தானாக மாறும், உங்களுடையது பழைய ஓட்டையோடு அப்படியே இருக்கும். புது சோர்ஸைப் பிரித்து, சேமித்து வைத்த புள்ளி கான்ஃபிக்கை உள்ளே வைத்து, மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக், பிறகு மறுபடி கட்டல். லோக்கல்மாட்கான்ஃபிக்கை இரண்டாம் முறை ஓட்டாதீர்கள், அன்றைக்கு எது செருகாமல் இருந்ததோ அது போய்விடும்.